இருதயத்தின் மின்வழியும் பக்கவாதமும்

இருதயக் கோளாறுக்கும் மூளைத் தாக்குக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி ஐரோப்பிய வைத்தியர்கள் எழுதிவைத்த பழைய குறிப்புகளுள் மிகவும் பெயர் பெற்ற ஒன்று, நன்கு ஆராய்ந்து பார்த்தால், பக்கவாதத்தைப் பற்றியதே அன்று. டப்ளின் நகரத்து வைத்தியர் ராபர்ட் ஆடம்ஸ் 1827-ஆம் ஆண்டில் வருவாய்த் துறை உத்தியோகஸ்தர் ஒருவரின் நோயை விவரித்தார். 68 வயதான அந்த மனிதருடைய நாடி நிமிஷத்துக்குச் சுமார் 30 தடவையே அடித்தது. திடீர் திடீரென்று நினைவிழந்து விழுவதும் சிறிது நேரத்தில் தெளிந்து எழுவதுமாக அவர் பல ஆண்டுகள் காலம் தள்ளினார். அக்கால வழக்கப்படி அவை மூளைத் தாக்குகள் என்றே கருதப்பட்டன. ஆனால் அத்தனை தடவை விழுந்தும் அவருக்கு ஒரு முறைகூடக் கையோ காலோ செயலற்றுப் போகவில்லை என்பதை ஆடம்ஸ் கவனித்தார். நோயின் மூலஸ்தானம் மூளையில் இல்லை, இருதயத்தில் இருக்கிறது என்று துணிந்து சொன்னார். அதே நகரத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-இல் இதே வகையான நோயாளிகளைப் பற்றி மேலும் எழுதவே, இருவர் பெயரும் சேர்ந்து அந்த மயக்கத்துக்கு நிலைத்துவிட்டன.

இந்தப் பழைய விஷயத்தை முதலில் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருதயத்தின் மின்னோட்டம் கெட்டால் பக்கவாதம் வருமா என்று கேட்பவர்கள் இன்றும் இரண்டு வேறு விபத்துகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். துடிப்பு சில விநாடிகள் நின்று, மூளை முழுவதற்கும் இரத்தம் குறைந்து, மனிதன் விழுவது ஒன்று. இருதயத்துக்குள் உறைந்த இரத்தக்கட்டி கிளம்பிப் போய் மூளையின் ஒரு குழாயை மட்டும் அடைத்து, அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதியை அழிப்பது மற்றொன்று. முன்னதில் துடிப்பு திரும்பினால் மனிதனும் திரும்புகிறான். பின்னதில் பேச்சோ ஓர் அங்கமோ திரும்பாமலே போகலாம். மின்வழியின் எந்த இடத்தில் கோளாறு என்பதைப் பொறுத்தே இவற்றுள் எது நேரும் என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது.

அந்த மின்வழியைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்ளாமல் மேலே செல்ல முடியாது. வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணுவில் ஒவ்வொரு துடிப்பும் பிறக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மின்னலை வலது மேலறை முழுவதும் பரவி, பாக்மன் கற்றை என்ற தசைப் பட்டையின் வழியாக இடது மேலறைக்கும் தாண்டுகிறது. பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கணுவில், கீழறைகள் நிரம்புவதற்கு அவகாசம் தருவதற்காகவே ஏற்பட்டதுபோல, சற்றுத் தாமதிக்கிறது. அதன்பின் ஹிஸ் கற்றையில் இறங்கி, வலம் இடம் என இரு கிளைகளாகப் பிரிந்து, புர்க்கின்யே நார்களில் கலந்து, கீழறைகளைச் சுருங்கச் செய்கிறது. சாஸ்திரம் இந்த வழியைக் கண்டுபிடித்தது கீழிருந்து மேலாக: புர்க்கின்யே 1839-இல் நார்களைக் கண்டார், இளைய வில்ஹெல்ம் ஹிஸ் 1893-இல் கற்றையைக் கண்டார், ஜெர்மனியில் மார்பூர்க் நகரில் ஆஷாஃபிடம் பயின்ற ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906-இல் நடுக் கணுவை வெளியிட்டார். இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்துக் கிராம வீடு ஒன்றில், மார்ட்டின் ஃபிளாக் என்ற மாணவர் அகழெலியின் இருதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, துடிப்பு பிறக்கும் அந்த முதற் கணு அகப்பட்டது. ஆர்தர் கீத்தும் அவரும் 1907-இல் அதை அறிவித்தார்கள். இதற்குள் லெய்டன் நகரத்து ஐன்தோவன் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் ஈ.ஸி.ஜி. கருவியையும் அமைத்துவிட்டபடியால், ஆடம்ஸ் விரல் நுனியால் ஊகித்ததைப் பிறர் கண்ணாலேயே காண முடிந்தது.

கீழ்ப்பகுதிக் கோளாறுகளை விரைவில் சொல்லி முடித்துவிடலாம். நடுக் கணுவிலோ ஹிஸ் கற்றையிலோ ஓட்டம் முற்றிலும் தடைப்பட்டால் நாடி தளர்ந்து, ஸ்டோக்ஸும் ஆடம்ஸும் வர்ணித்த மயக்கம் வருகிறது. ஆளையே கொன்றுவிடவும் கூடும். இதற்கு நேரான பரிகாரம் பேஸ்மேக்கர். 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்ஸன் என்பவருக்கு ஓக்கே ஸென்னிங் என்ற அறுவை வைத்தியர், ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியை உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தினார். அந்த முதற் கருவி சில மணி நேரத்திலேயே பழுதாயிற்று. லார்ஸனோ அதற்குப்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். இத்தகைய தடையினால் இரத்தக்கட்டி உண்டாவது பிரதான அபாயம் அன்று. இடது கிளை அடைபட்டவர்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். அவர்களுள் பலருக்கு நீடித்த இரத்த அழுத்தமோ நலிந்த இருதயத் தசையோ இருப்பதனால், பக்கவாதம் வந்தால் பழி அவற்றையே பெரிதும் சாரும். ஈ.ஸி.ஜி.யில் மேலறையிலிருந்து கீழறைக்கு ஓட்டம் செல்லும் நேரத்தைக் காட்டும் பி.ஆர். இடைவெளி சற்று நீண்டிருப்பதை மட்டும் அலட்சியம் செய்வதற்கில்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அந்த இடைவெளி 200 மில்லி விநாடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு என்று 2009-இல் காட்டினார்கள். ஆக, கீழே காணும் தாமதமும் மேலே இருக்கும் நோயின் அறிகுறியாக அமையலாம்.

பக்கவாதத்துக்கு உண்மையான இருப்பிடம் மேலறைதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒரே கணுவின் ஆணை செல்லாமல் போய், பல்வேறு மின்னலைகள் தசையில் தாறுமாறாகச் சுழல, மேலறை சுருங்குவதை விட்டு வெறுமே நடுங்குகிறது. நாடியைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியருக்கு ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எவ்வித ஒழுங்கும் தென்படாது. இந்த ஒழுங்கற்ற நாடியை வைத்தியர்கள் வெகுகாலமாகவே அறிந்திருந்தார்கள். லண்டனில் தாமஸ் லூயிஸும் வியன்னாவில் ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும் 1909-இல் அதன் மின்சார உருவத்தை நிர்ணயம் செய்தார்கள். சுருங்காத அறையில் இரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் பக்கவாட்டில், கருப்பருவத்து மேலறையின் எச்சமாக, ஒரு முனை மூடிய சிறு பை ஒன்று இருக்கிறது. பாயாத நீரில் பாசி பிடிப்பது போல அதன் மூலைகளில் இரத்தம் உறைகிறது. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு உண்டாகும் மேலறைக் கட்டிகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்தப் பையிலேயே காணப்படுகின்றன. அங்கிருந்து நழுவும் கட்டி இடது கீழறை வழியாகப் பெருந்தமனிக்கு வந்து, கழுத்துக் குழாய்களில் ஏறி, மூளையின் பெரிய குழாயையே அடைத்துவிடும் தன்மையுடையதாதலால், இவ்வகைப் பக்கவாதம் மற்றவற்றைக் காட்டிலும் கொடியதாகவே இருக்கிறது.

இவ்வளவு வெளிப்படையான சம்பந்தம்கூட நெடுநாள் பாதிதான் நம்பப்பட்டது. கீல்வாதக் காய்ச்சலால் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வு குறுகியவர்களுக்கு வரும் ஃபிப்ரிலேஷனே அபாயகரமானது என்றும், மற்ற முதியவர்களுக்கு வருவது அவ்வளவு பொருட்படுத்தத் தக்கது அன்று என்றும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில் பல வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஃபிராமிங்ஹாம் ஆராய்ச்சிதான் அந்த எண்ணத்தை மாற்றியது. வால்வு நோயோடு கூடிய ஃபிப்ரிலேஷனில் பக்கவாதம் 17 மடங்குக்கும் மேல் என்று 1978-இல் அது கண்டது எவரையும் வியப்பில் ஆழ்த்தியிராது. வால்வு நோய் இல்லாத ஃபிப்ரிலேஷனிலும் ஐந்து மடங்குக்கு மேல் என்று கண்டதே பெரிய செய்தி. 1991-இல் வெளிவந்த மற்றொரு கணக்கு வயதின் பங்கைத் தெளிவாக்கியது: ஐம்பதுகளில் உள்ளவர்களுக்கு வரும் பக்கவாதங்களில் நூற்றுக்கு 1.5 பங்கே ஃபிப்ரிலேஷனைச் சாரும். எண்பதுகளில் இருப்பவர்களுக்கோ 23.5 பங்கு.

நோய் இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே மருந்து கைக்கு வந்துவிட்டது. அதுவும் மாட்டுத் தொழுவத்திலிருந்து. பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் வடிந்து மாண்டதை வட அமெரிக்க விவசாயிகள் 1920-களில் கண்டு திகைத்தார்கள். 1933 பிப்ரவரியில், பனிப்புயலையும் பாராமல், ஒரு விவசாயி செத்த கிடேரியையும் பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு விஸ்கான்ஸின் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் கார்ல் பால் லிங்கிடம் வந்து சேர்ந்தார். அந்த இரத்தத்தைத் துருவித் துருவி ஆராய்ந்ததன் பயனாக டைகுமரால் பிறந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த வார்ஃபரின் 1948-இல் எலி விஷமாகக் கடைக்கு வந்து, ஐம்பதுகளில் மனிதருக்கு மருந்தாயிற்று. ஆயினும் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களின் பக்கவாதத்தை அது தடுக்கும் என்பதை முறையாக நிரூபித்தவை 1989-இல் கோபன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியும், அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆராய்ச்சிகளுமே. எல்லாவற்றையும் சேர்த்து 2007-இல் கணக்கிட்டபோது வார்ஃபரின் பக்கவாதத்தை நூற்றுக்கு 64 பங்கு குறைக்கிறது என்று தெரிந்தது; ஆஸ்பிரின் முதலியவை 22 பங்கே குறைத்தன.

ஆஸ்பிரினைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வயோதிகர்கள் வார்ஃபரினைத் தாங்கமாட்டார்கள், ஆஸ்பிரினாவது கொடுப்போம் என்ற தாட்சண்யம் பல வைத்தியர்களிடம் இருந்தது. இன்னும் முழுதும் மறையவில்லை. வார்ஃபரின் ஏலாது என்று விலக்கப்பட்ட 5,599 பேருக்கு ஒரு பாதிக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மருந்தான அபிக்ஸபானும் மறு பாதிக்கு ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2011-இல் வெளியாயிற்று. அபிக்ஸபான் உண்டவர்களுக்குப் பக்கவாதம் முதலிய கட்டி விபத்துகள் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.6, ஆஸ்பிரின் உண்டவர்களுக்கு 3.7. கடுமையான இரத்தப் போக்கிலோ இரண்டுக்கும் கருதத்தக்க வித்தியாசம் இல்லை. பத்திரம் என்று எண்ணிக் கொடுத்த மாத்திரை காப்பாற்றவுமில்லை, பத்திரமாகவும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. அதே ஆண்டில் 18,201 பேரைக் கொண்ட இன்னோர் ஆராய்ச்சியில் அபிக்ஸபான் வார்ஃபரினையே விஞ்சியது. பக்கவாதமும் குறைந்தது, இரத்தப் போக்கும் குறைந்தது.

துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டால் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும். 4,060 பேரைக் கொண்டு 2002-இல் முடிந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று இதற்கு எச்சரிக்கையான விடையைத் தந்தது. துடிப்பின் ஒழுங்கைக் காக்க முயன்றவர்களுக்கும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்களாகவோ போதிய அளவில் உண்ணாதவர்களாகவோ இருந்தார்கள். நோய் தொடங்கிய உடனே ஒழுங்கைக் காக்க முனைந்தால் பலன் உண்டு என்று 2,789 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆராய்ச்சி 2020-இல் காட்டியது உண்மையே. ஆனால் அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் இரத்தம் உறையாமைக்கான மருந்தையும் தொடர்ந்து உட்கொண்டவர்களே. ஈ.ஸி.ஜி. நேராகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் மாத்திரையை நிறுத்துவது, என் அபிப்பிராயத்தில், இந்த நோயில் மனிதர் செய்யும் தவறுகளுள் மிகப் பெரியது.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. சிக்கலுக்கு ஏற்ற சுவையும் பெறுகிறது. தாறுமாறான மின்னோட்டம் கட்டியை உண்டாக்குகிறதா, அல்லது மேலறைச் சுவரில் ஏற்கெனவே பற்றிய நோய் மின்னோட்டத்தையும் கெடுத்துக் கட்டியையும் உண்டாக்குகிறதா? 1916-இல் ஜீன் ஜார்ஜ் பாக்மன் வர்ணித்த கற்றையில் ஓட்டம் தடைப்பட்டால் இடது மேலறை தாமதமாகவும் தவறான திசையிலிருந்தும் தூண்டப்படுகிறது. ஈ.ஸி.ஜி.யில் மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் பி அலை 120 மில்லி விநாடிக்கு மேல் நீண்டு, சில லீடுகளில் மேலே ஏறிக் கீழே இறங்கும் இரட்டை உருவம் கொள்கிறது. பார்ஸிலோனாவைச் சேர்ந்த அந்தோனி பாயெஸ் தெ லூனா 1980-களில் இத்தகையவர்களை ஆராய்ந்து, அவர்களுக்கு ஃபிப்ரிலேஷன் போன்ற மேலறைத் துடிப்புக் கோளாறுகள் மிகுதியாக வருவதைக் காட்டினார். இன்று அச்சேர்க்கை அவர் பெயராலேயே வழங்குகிறது. சைனஸ் கணு நலிந்தவர்களிடமும் இதே கதை காணப்படுகிறது: ஒரு வேளை மிக மெதுவாகவும் மறு வேளை மிக வேகமாகவும் துடிக்கும் அவர்களது மேலறையில் கணுவோடு சுவரும் நாரேறிப் போயிருக்கிறது. அவர்களுக்குப் பேஸ்மேக்கர் வைக்கும்போது கீழறையை மட்டும் தூண்டாமல் மேலறையையும் சேர்த்துத் தூண்டினால் ஃபிப்ரிலேஷன் குறைகிறது என்பது 2,010 பேரைக் கொண்ட 2002-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் உறுதியாயிற்று. ஆனால் பக்கவாதம் அதற்கேற்பக் குறையவில்லை. மின்சாரத்தைச் சீர்செய்தும் விபத்து நிற்கவில்லை என்றால், காரணம் மின்சாரத்தோடு முடிந்துவிடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதைவிட வியப்பான சாட்சியம் 2012-இல் கிடைத்தது. பேஸ்மேக்கர் முதலிய கருவிகள் பொருத்திக்கொண்டிருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 2,580 பேரை ஆராய்ந்தபோது, ஆறு நிமிஷத்துக்கு மேல் மேலறை வேகமாகத் துடித்ததைக் கருவி பதிவு செய்தவர்களுக்கு, அவர்களே அறியாதிருந்தும், பக்கவாதம் முதலியன சுமார் இரண்டரை மடங்கு வந்தன. ஆனால் விபத்துக்கும் துடிப்புக் கோளாறுக்கும் கால ஒற்றுமை இருக்கிறதா என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் திகைத்துப்போனார்கள். விபத்துக்கு ஆளான 51 பேரில் 26 பேருக்கு எப்போதாவது கோளாறு பதிவாகியிருந்தது. விபத்துக்கு முந்திய 30 நாட்களுக்குள் பதிவாகியிருந்ததோ நான்கே பேருக்கு. கொலை நடந்த சமயத்தில் குற்றவாளி ஊரிலேயே இல்லை என்று காட்டுவதை ஒத்தது இது. ஆனாலும் மேலறைச் சுவரின் நோய் போன்ற அவர் உறவினர் யாரேனும் ஊரில் இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் நீங்கவில்லை.

அப்படியானால் மேலறைச் சுவர் நலிந்த எல்லோருக்கும், ஃபிப்ரிலேஷன் காணாவிட்டாலும், மருந்து கொடுக்கலாமே என்ற யோசனை எழுந்தது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்து, மேலறை நோயின் அடையாளங்களும் இருந்த 1,015 பேருக்கு அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் வெளியான முடிவு ஏமாற்றமே: இரண்டிலும் மறுபடி பக்கவாதம் வந்தது ஒரே அளவில். நான் இதிலிருந்து தெரிந்துகொள்வது, சுவரின் நோய் என்ற கொள்கை பொய் என்பதன்று. அதை அளப்பதற்கு நம்மிடமுள்ள அளவுகோல்கள் இன்னும் மிகவும் முரடானவை என்பதே. கருவி மட்டும் கண்டறிந்த குறுகிய ஃபிப்ரிலேஷனுக்கு மருந்து கொடுத்த இரு பெரும் ஆராய்ச்சிகள் 2023-இல் வந்தன. அபிக்ஸபான் இனத்து எடாக்ஸபானைச் சோதித்த முதலாவது, பலன் காணாமல் இடையில் நின்றது. 4,012 பேருக்கு அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட மற்றது, பக்கவாதம் முதலியவற்றை ஆண்டுக்கு நூற்றுக்கு 1.24-இலிருந்து 0.78-ஆகக் குறைத்து, கூடவே இரத்தப் போக்கையும் மிகுத்தது. கைக்கடிகாரமே நாடி பார்த்துச் சொல்லும் இந்நாளில் இந்தக் கணக்கு அற்பமானது அன்று. ஏனெனில் எவ்வளவு தேடினால் அவ்வளவு கண்டுபிடிக்கலாம். தோலுக்கடியில் பதிவுக் கருவி வைத்துத் தேடிய டென்மார்க் ஆராய்ச்சியில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஃபிப்ரிலேஷன் அகப்பட்டது. பலருக்கு மருந்தும் தொடங்கினார்கள். ஆயினும் பக்கவாதம் நிச்சயமாகக் குறைந்தது என்று சொல்லும்படி ஆகவில்லை. இரண்டு நிமிஷக் கோளாறு கண்ட ஆரோக்கியமான அறுபது வயதுக்காரரையும், ஏற்கெனவே ஒரு முறை பக்கவாதம் வந்து ஒரு நாள் முழுதும் மேலறை நடுங்கும் எண்பது வயதுக்காரரையும் ஒரே நோயாளியாகப் பாவிப்பது விவேகமாகாது.

இந்தியாவைப் பொறுத்தவரையில் மேற்சொன்ன கணக்குகள் அனைத்தையும் ஒரு திருத்தத்தோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலும் முதுமையின் நோய். இங்கே, நாட்டின் 24 மருத்துவ மையங்களில் 1,537 நோயாளிகளைப் பதிந்து பார்த்த கணக்கில் சராசரி வயது 55-ஐக்கூட எட்டவில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கீல்வாதக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வு நோய் இருந்தது. இத்தகையவர்களுக்கும் அபிக்ஸபான் இனத்துப் புதிய மருந்தான ரிவரோக்ஸபான் போதுமா என்று, இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு சோதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது சுமார் 50. 2022-இல் வந்த முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது: ரிவரோக்ஸபான் உண்டவர்களில் 560 பேருக்கு மரணமோ பக்கவாதமோ அதையொத்த விபத்தோ நேர, வார்ஃபரின் வகை மருந்து உண்டவர்களில் 446 பேருக்கே நேர்ந்தது. பழைய மருந்தின் அளவை மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்து சரிபார்க்க வேண்டும்; கிராமத்திலிருந்து ஜில்லா தலைநகருக்குப் பஸ் ஏறி வர வேண்டிய பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலியை விழுங்கும் காரியம். ஆகவேதான் சுலபமான புதிய மாத்திரைக்கு மாற்றிவிடும் சபலம் வைத்தியருக்கும் நோயாளிக்கும் ஒருங்கே எழுகிறது. மைட்ரல் வால்வு குறுகியிருக்கும் வரையில் அந்தச் சபலத்துக்கு இடம் கொடுப்பதற்கில்லை. பரிசோதனை வசதியை நோயாளி இருக்கும் தாலுகாவுக்குக் கொண்டுபோவதே வழி. கீல்வாதக் காய்ச்சலுக்கு மூலமான தொண்டைப் புண்ணுக்குக் காலத்தில் பென்ஸிலின் கொடுத்தும், கீல்வாதக் காய்ச்சல் ஒரு முறை வந்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே மருந்தை ஊசியாக ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தும் வந்தால், அந்த வால்வு குறுகுவதையே பெரும்பாலும் தடுத்துவிடலாம்.